ஏ9 ஓரத்துக் கன்றுக் கடையும் பேர்ன் இல்லாத ஒரு பேர்னும்

கிளிநொச்சிக்குத் தெற்கே, ஏ9 வீதியோரம், பச்சை வலை கட்டிய பூக்கன்றுக் கடை. பெயர் சொல்லவில்லை. சொன்னால் குறை எழுதக் கை வராது.

வீட்டில் ஒரு பூனை, ஒரு நாய். பூனை சூட்டி எந்த இலையைக் கண்டாலும் கடித்துப் பார்ப்பாள். மணிபிளான்ற்றைக் கடித்து நுரை தள்ளிய அன்றே அதைப் பிடுங்கி எறிந்தேன். அதில் இருக்கிற ஒக்சலேற்றுப் படிகங்கள் ஊசி மாதிரி வாயில் குத்தும். பொஸ்ரன் பேர்ன் என்கிற பன்னச்செடி பூனைக்கும் நாய்க்கும் நஞ்சில்லை என்பதால் அதைத் தேடித்தான் போனேன்.

850 ரூபா. தும்புத்தூளில் வைத்திருந்த நல்ல செழிப்பான கன்று. கடைக்காரத் தம்பி இன்னொரு சாடியையும் நீட்டினார். "அன்ரி, இதுவும் பேர்ன்தான், 400க்குத் தாறன்." கல்யாணப் பூச்செண்டில் ரோசாவுக்குப் பின்னால் செருகுவார்களே, அந்தப் பஞ்சு மாதிரி இலை. வாங்கிவிட்டேன்.

வீட்டில் இறக்கும்போது தண்டிலிருந்த முள் விரலில் ஏறியது. பேர்னுக்கு ஏது முள்? அது அஸ்பராகஸ், நம் பற்றைகளில் படரும் சாத்தாவாரிக்குச் சொந்தம். பூக்கும், காய்க்கும். அந்தச் சின்னப் பழத்தைத் தின்றால் நாய் பூனைக்கு வாந்தி, வயிற்றோட்டம். செடியில் அடிக்கடி உரசினால் தோலும் சிவந்து கடிக்கும். உண்மையான பேர்ன், பள்ளிக்கூடத்தில் பன்னம் என்று படித்தோமே, அது பூப்பதுமில்லை, காய்ப்பதுமில்லை. பொஸ்ரனின் முதிர்ந்த இலையைத் திருப்பிப் பார்த்தேன்: ஓரத்தோடு வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள், விதைக்குப் பதிலாகப் பன்னம் பரப்பும் வித்திகள் இருக்கும் இடம். இனி எந்தக் கடையிலும் இலையைத் திருப்பாமல் காசு கொடுக்க மாட்டேன்.

மறுநாள் அந்த அஸ்பராகஸைத் திருப்பிக் கொண்டுபோனேன். தம்பி வாய் காட்டவில்லை; மேலதிகமாக 300 வாங்கிக்கொண்டு, அகல இலைப் பறவைக்கூட்டுப் பேர்ன் தந்தார். அதுவும் நஞ்சில்லாததுதான். ஆனால் அதே வலைக்குள் பேர்ன்களோடு சைகஸும் நின்றது. பார்த்தால் பெரிய பேர்ன் போலவே இருக்கும். அதன் விதையைத் தின்கிற நாய்க்கு ஈரலே போய்விடும். தள்ளி வையுங்கள் என்றேன். சிரித்தார்.

இன்னொரு குறை, சாடியின் மேலே தூவியிருந்த பசளைக் குருணி. நாய் மோப்பம் பிடித்துக் கிண்டத் தொடங்கியதால் மேல் தும்பை முழுக்க வழித்துக் கொட்டினேன். குருணி போடாத சாடியாகக் கேட்டு வாங்குங்கள்.

பொஸ்ரன் கன்று தேறியதா என்றால், ஆடிச் சோளகக் காற்றில் நுனியெல்லாம் கருகியது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளைப் படை பிடிக்கிற தண்ணீர், அதுவும் அதற்குப் பிடிக்கவில்லை. விறாந்தையிலிருந்து குளியலறை யன்னலுக்கு மாற்றினேன். மாரியில் பீலித் தண்ணீர் பிடித்து ஊற்றியபின் சுருள் சுருளாகக் குருத்து வந்தது. சூட்டி அதில் இரண்டைத் தின்று பாயில் ஒருமுறை கக்கினாள். நஞ்சில்லாத இலை என்றாலும் வயிறு நிறையத் தின்றால் அப்படித்தான். அப்புறம் உயரத்தில் தொங்கவிட்டேன்.

மூன்றரை நட்சத்திரம். அந்த அரை, முகம் சுளிக்காமல் மாற்றித் தந்ததற்கு. அடுத்தமுறை போகும்போது சைகஸ் இடம் மாறியிருந்தால் நாலு.