கவுன்சலிங் அறையில் சொன்னது அக்காவின் காதுக்குப் போன கதை

மனநல ஆலோசனைக்கு முதல் தடவை போகப் போகிறீர்களா? அங்கே கொடுக்கும் படிவத்தை நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நான் படிக்காமல் போட்டேன்.

பல மாதம் தூக்கமில்லாமல் தவித்துவிட்டு, ஒருவழியாகத் துணிந்து ஒரு ஆலோசகரிடம் போனேன். படிவத்தில் 'அவசரத் தொடர்பு எண்' என்று ஒரு கட்டம் இருந்தது. மயங்கி விழுந்தால் கூப்பிடுவார்கள் போல என்று அக்காவின் எண்ணை எழுதினேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் நான்கைந்து வரிகள். 'தேவைப்பட்டால் குடும்பத்தாருடன் தகவல் பகிரப்படும்' என்பது அதில் ஒன்று. இது எனக்குத் தெரிந்தது எல்லாம் முடிந்த பிறகுதான்.

ஐந்தாவது வாரம் காய்ச்சல். போனை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். வரவேற்பில் இருந்தவர் அக்காவைக் கூப்பிட்டு, "இன்னைக்கு அவங்க கவுன்சலிங்குக்கு வரலையே" என்று சொல்லியிருக்கிறார். நான் அங்கே போவதே அக்காவுக்குத் தெரியாது. அவள் பதறிப்போய் என்ன ஏது என்று கேட்க, அழைப்பை ஆலோசகருக்கே மாற்றிவிட்டார்கள். அவர் இருபது நிமிடம் பேசியிருக்கிறார்.

சாயங்காலம் அக்கா வந்தாள். என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கஞ்சி வைக்கட்டுமா என்றாள். அப்புறம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்: "அம்மா செத்தப்போ உனக்கு அழுகையே வரலையாமே?"

அந்த வாக்கியத்தை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருந்தேன். கதவு சாத்திய அந்த அறையில், மூன்றாவது வாரம், சொல்லி முடிக்கவே வெகுநேரம் பிடித்தது.

மறுநாள் ஆலோசகரிடம் கேட்டேன். "கூடப் பிறந்தவங்கதானே, உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றார். செய்தது தவறு என்றே அவருக்குப் படவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ரகசியத்துக்கு விதிவிலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு போன்றவை. 1976இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் டாராசாஃப் வழக்கில், நோயாளியால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்றால் அவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று சொன்னது. அது நியாயம். ஒரு வாரம் வராமல் போனது அந்தக் கணக்கில் வருமா? 1996இல் ஜாஃபி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சிகிச்சையறைப் பேச்சைக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது என்றது. அவ்வளவு காப்பாற்ற வேண்டிய பேச்சை என் ஆலோசகர் ஒரு போன் அழைப்பில் கொட்டிவிட்டார்.

நேரில் போனால்தானே இந்த வம்பு, செயலியில் பேசிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். செயலி வழியாக மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் பயனர்களின் மின்னஞ்சல் முகவரியையும், அவர்கள் கேள்வித்தாளில் நிரப்பிய மனநல விவரங்களையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2023இல் 78 லட்சம் டாலர் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. பின்லாந்தின் வஸ்தாமோ என்ற மனநலச் சிகிச்சை நிறுவனத்தில் நடந்தது இன்னும் கொடுமை. சுமார் 33,000 பேரின் பதிவுகள் திருடுபோயின. 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே மிரட்டல் மின்னஞ்சல் போனது: பணம் தராவிட்டால் நீ சொன்னதையெல்லாம் வெளியிடுவேன் என்று.

ஆகவே வாய் திறக்கும் முன் கேளுங்கள். குறிப்புகளை எங்கே வைக்கிறீர்கள், வேறு யார் பார்ப்பார்கள்? நான் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவீர்கள், என்ன சொல்வீர்கள்? என் விவரத்தை உங்களுக்கு வழிகாட்டும் மேற்பார்வையாளரிடம் பேசினால் பெயரை மறைப்பீர்களா? அலுவலகம் பணம் கட்டுகிறது என்றால், அவர்களுக்கு என்ன தகவல் போகிறது? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அவசர எண் பக்கத்தில் 'உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்' என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். "அதெல்லாம் ரகசியம்தாங்க" என்று ஒரே வரியில் முடித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சிகிச்சையை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. எனக்கு இன்றும் அது தேவைப்படுகிறது. இப்போது போகும் இடத்தில், நான் கேட்பதற்கு முன்பே, எதையெல்லாம் வெளியே சொல்ல நேரும் என்று அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆனாலும் நான்கு வாரமாகத் தூக்கத்தைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். அம்மாவைப் பற்றி இன்னும் ஆரம்பிக்க முடியவில்லை.