வெப் தொலைநோக்கியின் மிரி கொரோனாகிராஃப் எப்படி?

மிரி என்பது வெப்பின் அகச்சிவப்புக் கருவி, அதில் விண்மீனின் ஒளியை அடக்கி அருகிலுள்ள கோளைக் காட்டும் அமைப்புதான் கொரோனாகிராஃப். வேறொரு சூரியனைச் சுற்றும் கோளை நேரடியாகப் படமெடுக்கும் கருவி என்றதும், வளையத்தோடு சனி தெரியுமே, அந்த மாதிரிப் படத்தைத்தான் பலரும் எதிர்பார்க்கிறார்கள். அது கிடைக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிடைப்பது ஒரு மங்கலான பொட்டு. ஆனால் அந்தப் பொட்டைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது.

2024 ஜூலையில் வெளியான எப்சிலான் இண்டி ஏபி படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 ஒளியாண்டுத் தொலைவில், வியாழனைப்போல் சுமார் 6 மடங்கு நிறையோடு, ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸில் இருக்கும் கோள். அங்கே ஒன்று இருக்கிறது என்று விண்மீனின் அசைவை வைத்து ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தார்கள், நேரில் பார்த்தால் சொன்ன இடத்தில் இல்லை, நினைத்ததைவிடக் கனமாகவும் இருந்தது! இதற்குமுன் படத்தில் சிக்கியவை பெரும்பாலும் பிறந்த சூடு தணியாத இளம் கோள்கள். ஆறிப்போன கோள் 10, 15 மைக்ரான் அலைநீள அகச்சிவப்பில்தான் நன்றாகத் தெரியும், அதில் நம் காற்றும் தரையிலுள்ள தொலைநோக்கியுமே ஒளிர்வதால் இங்கிருந்து எடுப்பது ரொம்பக் கஷ்டம்.

எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டைக் கையால் மறைப்போம் இல்லையா, பழைய கொரோனாகிராஃப் அந்த வகை. மிரியில் உள்ள நான்கில் மூன்று அப்படி மறைப்பதில்லை. நாலு கட்டமாகப் பிரித்த ஒரு தகடு, மூலைக்கு மூலை இரண்டு கட்டங்களில் ஒளி அரை அலை தாமதமாகும், நட்டநடுவில் விழும் விண்மீன் ஒளி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும், தள்ளி விழும் கோளின் ஒளி தப்பித்து வந்துவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான், ஏனென்றால் விண்மீனுக்கு ரொம்பப் பக்கத்திலும் தேடலாம்.

குறை உண்டு. கட்டங்கள் சேரும் கோட்டின்மேல் கோள் விழுந்தால் போச்சு. அழியாமல் மிஞ்சும் விண்மீன் வெளிச்சத்தைக் கழிக்க இன்னொரு விண்மீனையும் படமெடுக்க வேண்டும், அதற்குத் தனியாக நேரம் போகும்.

இருந்தும் 2025-ல் டிடபிள்யூஏ 7 விண்மீனின் தூசி வளையங்களுக்கு நடுவே சனி அளவு நிறையுள்ள ஒன்றைப் பிடித்துவிட்டது. நேரடியாகப் படமெடுத்தவற்றில் இவ்வளவு லேசானது அதற்குமுன் இல்லை.

பூமி மாதிரி ஒன்று வேண்டுமென்றால் இது போதாது. சாதாரண ஒளியில் பூமி சூரியனைவிட சுமார் 1000 கோடி மடங்கு மங்கல். நாசாவின் ரோமன் தொலைநோக்கியில், மிஞ்சும் விண்மீன் ஒளியைக் குறைக்க நெளிந்து கொடுக்கும் ஆடிகளோடு ஒரு கொரோனாகிராஃப் சோதனைக்காக வைத்திருக்கிறார்கள், அதன் முதல் படத்துக்காகத்தான் இப்போது காத்திருக்கிறேன்.