பழைய செங்கல் சுவரில் பூச்சு பெயர்ந்தால்: சிமெண்டா, சுண்ணாம்பா?

ஊட்டி, குன்னூர் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இந்த வேலை வந்துவிடும். பூச்சு உப்பி நிற்கும். விரலால் தட்டினால் உள்ளே காலியாகச் சத்தம் கேட்கும். கொத்தி எடுத்துவிட்டு எதை வைத்துப் பூசுவது?

சுவர் எதில் கட்டியது என்று முதலில் பாருங்கள். இந்தியாவில் சிமெண்ட் உற்பத்தி காலூன்றியதே 1914-ல், போர்பந்தரில்தான். அதற்கு முந்தைய வீடு என்றால் செங்கல் இடுக்கில் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்போ மண்ணோதான். வயது தெரியாவிட்டால் இடுக்கை ஓர் ஆணியால் சுரண்டுங்கள். வெளுப்பாக மாவு மாதிரி உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் வெறும் கீறல் மட்டும் விழுந்தால் சிமெண்ட். சிமெண்டில் கட்டிய சுவருக்குச் சிமெண்ட் பூச்சே போதும், மேற்கொண்டு யோசிக்க வேண்டாம்.

சுண்ணாம்புச் சுவரில்தான் சிக்கல். எந்தக் கொத்தனாரைக் கூப்பிட்டாலும் ஒன்றுக்கு நான்கு சிமெண்ட் கலவை என்றுதான் ஆரம்பிப்பார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது: பொருள் எந்தக் கடையிலும் கிடைக்கும், பனிமூட்டத்திலும் இறுகும், ஒரே நாளில் வேலை முடியும். ஆனால் பழைய செங்கல்லைவிட அந்தப் பூச்சு கெட்டி. அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதமும், கூரைத் தகரத்தில் ஒழுகி இறங்கும் நீரும் அதன் வழியே எளிதில் வெளியேற முடியாது. நீர், ஒட்டுப் போட்ட இடத்தின் ஓரத்துக்கு நகர்ந்து அங்கே புதிதாக உப்பு பூக்கும். பூச்சுக்குப் பின்னால் தங்கும் உப்போ அதையே வெளியே தள்ளும். அப்படிப் பெயர்ந்து விழுந்த வில்லை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் செங்கல்லின் சிவப்புத் தோல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். பூச்சு போனால் மறுபடி பூசலாம், செங்கல்லின் முகம் போனால் போனதுதான். கலவையில் வாட்டர்ப்ரூஃப் திரவம் ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. இந்தச் சுவருக்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

சுண்ணாம்புக் காரை மென்மையானது. ஈரத்தை வாங்கி வெளியே விடும், சுவர் லேசாக அசைந்தாலும் கூடவே கொடுத்துப்போகும். குறை, வேகம் இல்லாததுதான். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுக வேண்டும் என்பதால் ஒரு பூச்சு பத்து மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒன்று இறுகிய பிறகே அடுத்தது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனியில் பூசினால் உள்ளே இருக்கும் நீர் உறைந்து மேல்தோல் செதில் செதிலாக உதிரும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். அப்போதும் வெயில் முகத்துச் சுவருக்கு ஈரச் சாக்கு கட்டி நிழல் கொடுக்க வேண்டும்.

மலைக் குளிருக்கு இதிலேயே ஒரு வழி இருக்கிறது, சுர்க்கி. நன்றாகச் சலித்த செங்கல் பொடிதான் அது. சுர்க்கி ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு. சுர்க்கி சேர்ந்தால் காற்றை மட்டும் நம்பாமல் ஈரத்திலும் கலவை இறுகும். கடுக்காயும் வெல்லமும் சேர்த்தே ஆக வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். நல்லதுதான், ஆனால் இரண்டடி ஒட்டுக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டாம். கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி மட்டும் கட்டாயம்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைக்கவே இல்லை என்றால் நடுவழி, சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு இரண்டு, மணல் ஒன்பது. மழை நேராக அடிக்கிற வெளிச்சுவருக்கு இதை ஒப்புக்கொள்வேன். மண் சாந்தில் கட்டிய சுவருக்கு இதுவும் கெட்டிதான், அங்கே வேண்டாம்.

ஜிப்சம் பற்றியும் கேட்பார்கள். ஜிப்சம் ஈரம் பட்டால் இளகிவிடும். ஓதமே ஏறாத உள்சுவர் என்றால் சரி, வெளியே வேண்டவே வேண்டாம்.

எதைப் பூசினாலும் தளர்ந்த பூச்சை முழுக்கக் கொத்தி, தூசியைத் துடைத்து, செங்கல்லை நனைத்த பிறகே கரண்டியை எடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒழுகுகிற தண்ணீர்க் குழாயையும், சுவரை ஒட்டி ஏறிக் கிடக்கும் தோட்ட மண்ணையும் சரிசெய்யுங்கள். காரை பூசிய சுவருக்கு மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் பழையபடி ஈரம் உள்ளேயே அடைபடும், வெள்ளையடித்தால் போதும்.