போர்ட் லூயியில் அரை நாள்: பேராலயமா, லவால் கல்லறையா?

பக்கத்துத் தீவான ரியூனியனிலிருந்து மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயிக்கு வரும் சொந்தக்காரர்கள் கேட்பது இதுதான்: நேரம் குறைவு, புனித லூயி பேராலயத்துக்குப் போவதா, லவால் கல்லறை உள்ள செயின்ட் குருவாவுக்குப் போவதா?

யாருடைய இடம்?
பேராலயம்: பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் லூயி. 1297இல் புனிதர் பட்டம் பெற்றவர். திருநாள் ஆகஸ்ட் 25.
செயின்ட் குருவா: ழாக் தெசிரே லவால். நார்மண்டியில் மருத்துவராக இருந்து குருவானவர். 1841இல் இங்கு வந்து, விடுதலை பெற்ற அடிமைகளின் நடுவே அவர்கள் பேசிய கிரியோலிலேயே பேசி வாழ்ந்தார். 1864 செப்டம்பர் 9 அன்று இறந்தார். 1979இல் அருளாளர் ஆனார். புனிதர் பட்டம் இன்னும் வரவில்லை. நம் ஊர் மக்களுக்கு அது ஒரு குறையே இல்லை. இந்து, முஸ்லிம் என்று பாராமல் எல்லோரும் போய் அவர் கல்லறையைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள்.

போக்குவரத்து?
பேராலயம் நகர நடுவில், நடந்தே போகலாம். செயின்ட் குருவா நகரின் வட ஓரம். பஸ் அல்லது டாக்ஸி வேண்டும்.

கட்டடம்?
இரட்டைக் கோபுரப் பேராலயம்தான் அழகு. செயின்ட் குருவா கோவில் புதுக் கட்டடம்.

கூட்டம்?
செப்டம்பர் 8 இரவு செயின்ட் குருவாவுக்குத் தீவெங்கிலும் இருந்து நடந்தே வருவார்கள். முதியவர்களோடு அன்று போக வேண்டாம்.

கட்டடக்கலை பிடித்தவர்களுக்கும் கடைத்தெருவுக்கு வந்தவர்களுக்கும் பேராலயம் சரி. நேர்ச்சை உள்ளவர்கள், நோயாளிக்காக வேண்டுபவர்கள் லவாலிடம் போகட்டும். அப்புறம், சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவிலும் அந்தப் பக்கம்தான். என் வீட்டார் வந்தால் நான் செயின்ட் குருவாவுக்குத்தான் கூட்டிப் போவேன்.