ஒத்தக்கடையிலிருந்து தொண்டிக்கு: என் பாய்மரப் படகும் நான்கு ஆண்டுகளும்

மதுரை ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் படகைக் கடக்கிறவர்களில் பாதிப் பேர், "தெப்பத் திருவிழாவுக்கா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். வரைபடம் வாங்கி, தச்சர் ஒருவரின் துணையோடு மரைன் ப்ளைவுட்டில் நானே கட்டிய பாய்மரப் படகு. 17 அடி நீளம், 380 கிலோ எடை. டிரெய்லரில் ஏற்றி, பாக் வளைகுடாக் கரையிலுள்ள தொண்டிக்குக் கொண்டுபோய்க் கடலில் இறக்குகிறேன்.

இதன் உயிர் நடுப்பலகைதான். படகின் நடுவே குறுகலான ஒரு பெட்டி, அதற்குள் கீல் வைத்த பலகை. கயிற்றை இழுத்து ஏற்றிவிட்டால் முக்கால் அடித் தண்ணீரில்கூடப் படகு மிதக்கும். இறக்கினால் மூன்றரை அடி கீழே போய், பக்கக் காற்றில் படகு வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். ஆழம் குறைந்த பாக் வளைகுடாவுக்கென்றே செய்ததுபோல. மணல் திட்டில் தட்டினால் தானாகவே மடங்கிக்கொள்கிறது.

ஆனால் கடற்புல் பெட்டி இடுக்கில் புகுந்துவிட்டால் பலகை ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. இரண்டாம் ஆண்டு அப்படிப் பாதியில் சிக்கியபோது, இடுப்பளவு நீரில் மூழ்கி மூழ்கித் தோசைத் திருப்பியால் ஒரு மணி நேரம் சுரண்டினேன். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர், "எங்கள் வள்ளத்தில் இந்த ஓட்டையே கிடையாது தம்பி" என்றார். அதற்குப் பிறகு பெட்டியின் மேல்மூடியைத் திருகு கழற்றித் திறக்கும்படி மாற்றினேன். தோசைத் திருப்பியும் படகோடு தங்கிவிட்டது.

பாய்மரத்தின் அடியிலும் கீல்தான். தனி ஆளாக நிமிர்த்திவிடலாம். அலுமினியம் என்பதால் மேலே மின்கம்பி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்காமல் தொடுவதில்லை. கேபினில் இருவர் படுக்கலாம் என்று வரைபடம் சொன்னது. பங்குனி வெயிலில் அது இட்லிக் கொப்பரை. அரிசியும் அடுப்பும் அங்கே, நான் வெளியே.

பணத்தைத் தின்றது படகல்ல, டிரெய்லர். நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிச் சூடேறிய சக்கரத்தை அப்படியே கடலில் இறக்கினால், ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) சட்டெனக் குளிர்ந்து உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். முதல் ஆண்டு, திரும்பும் வழியில் சிவகங்கைக்கு அருகே ஒரு சக்கரம் கிரீச்சிட்டுப் புகைந்தது. கழற்றினால், கிரீஸ் பால் காபி நிறத்தில் வழிந்தது. இப்போது தொண்டியில் டீ குடித்து, ஹப்பைத் தொட்டால் கை சுடாத பிறகே இறக்குகிறேன். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவல், ஆண்டுக்கு இரு முறை புது கிரீஸ்.

ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று, படகு வாசலில்தான். இந்த முறை மாசி பிறந்தும் எடுக்க முடியவில்லை. தார்ப்பாய்க்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது.