காலப்படியை வெட்டும் சிமுலேட்டருடன் ஏழு ஆண்டுகள்

எண்ணெய்ப் பாறைக்குள் நீரும் எண்ணெயும் நகர்வதைக் கணக்கிட நான் பயன்படுத்தும் சிமுலேட்டரைத் தானும் வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்லத்தான் நினைத்தேன். ஏழு ஆண்டு எரிச்சல் ஒரு வரியில் அடங்கவில்லை.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாறையைச் சிறு சிறு பெட்டிகளாகக் கூறுபோட்டுத்தான் கணக்கிடுவோம்; அவைதான் கட்டங்கள். சிமுலேட்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிட 1981இல் வெளியான முதல் ஒப்பீட்டுச் சோதனையின் 300 கட்டங்களைக் கண் இமைப்பதற்குள் முடித்துவிடும். 11,22,000 கட்டங்கள் கொண்ட பத்தாவது சோதனையிலும் திணறவில்லை. கிணற்றுக் கணக்கிலும் குறையில்லை. ஐம்பது மீட்டர் அகலக் கட்டத்தின் அழுத்தமும், நடுவே இருக்கும் சாண் அகலக் கிணற்றின் அடி அழுத்தமும் ஒன்றல்ல. கட்டத்தின் அழுத்தம் உண்மையில் நிலவுவது கிணற்றிலிருந்து கட்ட அகலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தொலைவில் என்று பீஸ்மேன் 1978இல் சொன்ன கணக்கை ஒழுங்காகப் போடுகிறது.

என் வயிற்றெரிச்சலெல்லாம் காலப்படிதான், அதாவது ஒரே தாவலில் எத்தனை நாள் முன்னே கணக்கிடுவது என்பது. 30 நாள் படி கொடுக்கிறேன். விடையைத் திருத்தித் திருத்தி நெருங்கும் நியூட்டன் சுற்று 12 ஆகியும் விடை குவியவில்லையென்றால் பத்தில் ஒன்றாக வெட்டும். 3 நாள். அதுவும் ஆகவில்லையா, 0.3 நாள். பிறகு மும்மடங்காக மெல்ல ஏறி வந்து, மறுபடியும் தடுக்கி விழும். வெள்ளி மாலை ஓடவிட்டுத் திங்கள் காலை வந்து பார்த்தால், 20 ஆண்டுக் கணிப்பு நான்காம் ஆண்டிலேயே உட்கார்ந்திருக்கிறது.

வெட்டுவது தவறில்லை. அழுத்தம் குமிழ்ப்புள்ளிக்குக் கீழே இறங்கி, எண்ணெயில் கரைந்திருந்த வாயு பிரியும்போது நிதானித்துத்தான் போகவேண்டும். ஆனால் எந்தக் கட்டத்தால் வெட்டினேன் என்று மட்டும் அது வாய்திறப்பதில்லை. பதிவுக் கோப்பில் 'குவியவில்லை, படி குறைக்கப்பட்டது' என்ற அதே வரி, 400 முறை.

சென்ற மாதம் இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்தேன். ஓர் அடுக்கு மெலிந்து மறையும் ஓரத்தில், ஒரு சென்டிமீட்டர் தடிமனில் ஒரு கட்டம். அக்கம்பக்கத்துக் கட்டங்களின் துளைகளில் 2,500 கன மீட்டர் இடம். இதில் வெறும் 5. மேலிருந்து இறங்கும் நீர், ஒரே படியில் இதன் கொள்ளளவைவிடப் பன்மடங்கு இதன் வழியே போயாகவேண்டும். இந்தப் பொடிக் கட்டத்தின் நீர்ப்பங்கு அங்குமிங்கும் ஊசலாடி, மூன்று லட்சம் கட்டங்களையும் முடக்கியிருக்கிறது. 20 கன மீட்டருக்குக் குறைந்தவற்றை விலக்கி, மேல்கீழ்க் கட்டங்களை இணைக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். இரண்டரை நாள் ஓட்டம் ஐந்து மணி நேரமாகச் சுருங்கியது. மகிழ்ச்சியைவிட ஆத்திரமே அதிகம் வந்தது.

எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வரும் நீரின் முன்விளிம்பை, அதாவது நீர்முகத்தை, ஏழெட்டுக் கட்டங்களுக்குத் தீற்றிவிடுவதைக் குறையாகச் சொல்லமாட்டேன். 1942இல் பக்லியும் லெவரெட்டும் காட்டிய செங்குத்து முகம் எளிய முதல்நிலைக் கணக்கு முறை எதிலும் அப்படியே வராது. அதை மறைக்க, நீரும் எண்ணெயும் சேர்ந்திருக்கையில் ஒவ்வொன்றும் எவ்வளவு எளிதாக நகரும் என்று சொல்லும் ஒப்பு ஊடுருவுதிறன் வளைவையே வளைக்கும் கெட்டிக்காரர்கள் தனி ரகம்.

நண்பரிடம் வாங்கவேண்டாம் என்றேன். திறந்த மூலத்தில் ஓபிஎம் ஃப்ளோ என்ற சிமுலேட்டர் இருக்கிறது, அதை முதலில் ஓட்டிப் பாருங்கள் என்றேன். என் உரிமத்தைப் போன வாரம்தான் இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பித்தேன். ஏழு ஆண்டு உள்ளீட்டுக் கோப்புகளை யார் மாற்றி எழுதுவது? பக்கத்துத் திரையில் புதிய மாதிரி ஒன்று ஓடுகிறது. படி இப்போது 0.3 நாள்.