குரலில் தொடங்குபவருக்கு ஒன்று, தாளத்தில் தொடங்குபவருக்கு வேறொன்று: இசைத் தயாரிப்பு மென்பொருள்கள் ஓர் ஒப்பீடு

வீட்டிலேயே பாட்டு அமைக்க எந்த மென்பொருளை வாங்கலாம் என்று கேட்டால், பதில் சொல்பவர் தாம் பயன்படுத்துவதன் பெயரையே சொல்வார். ‘இதில் சவுண்ட் நன்றாக இருக்கும்’ என்பது அதற்கு அவர் தரும் காரணம். இந்தக் காரணத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஒரே வேவ் கோப்புகளை எந்த எஃபெக்ட்டும் போடாமல், ஒரே ஒலியளவிலும் ஒரே பேன் (இடது-வலது) அமைப்பிலும் இரண்டு மென்பொருள்களில் கலந்து எடுத்து, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி மற்றதோடு சேர்த்து ஓடவிட்டால், காதுக்கு எட்டும்படி எதுவும் மிஞ்சாது. வேறுபாடு வேலை செய்யும் முறையில்தான் இருக்கிறது. ஒரு பாட்டு எங்கிருந்து தொடங்கும் என்று ஒவ்வொரு மென்பொருளும் ஓர் ஊகத்தை வைத்துக்கொண்டு கட்டப்பட்டிருக்கிறது. அந்த ஊகம் உங்கள் பழக்கத்தோடு ஒத்துப்போனால் வேலை ஓடும், இல்லையென்றால் ஒவ்வொரு அடிக்கும் அதனோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

எஃப்எல் ஸ்டுடியோவின் ஊகம் தாளம். பெல்ஜியத்தைச் சேர்ந்த இமேஜ்-லைன் நிறுவனம் 1997இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் இதை வெளியிட்டபோது, இது டிரம் ஓசைகளைக் கட்டம் கட்டமாக அடுக்கும் சிறு கருவியாகத்தான் இருந்தது. இன்றும் திறந்தவுடன் கண்ணில் படுவது 16 கட்டங்கள் கொண்ட அந்த வரிசைதான். கிக், ஸ்நேர், தவில் சாம்பிள் என்று ஆளுக்கொரு வரிசை கொடுத்து, கட்டங்களைத் தட்டிக்கொண்டே போனால் சில நிமிடங்களில் ஒரு லூப் உருவாகிவிடும். 16 கட்டம் என்பது நான்குக்கு நான்கு தாளத்துக்கான கணக்கு என்பதால், நம் குத்துப் பாட்டுக்குப் பழக்கமான சிக்ஸ்-எய்ட் நடை வேண்டுமானால் நீளத்தை 12 கட்டமாக மாற்றிக்கொண்டு தொடங்க வேண்டும். பாட்டின் நடுவே தாளத்தை மாற்றும் வசதி 2018இல் வந்த 20ஆம் பதிப்பில்தான் முறையாகச் சேர்ந்தது. சுரங்களைக் கட்டங்களில் வரையும் திரையான பியானோ ரோல் என்ற அளவில் இதை விஞ்ச ஆளில்லை என்பது என் கருத்து: சுரங்களை வரைவதும் நகர்த்துவதும் இழைப்பதும் இதில் இருக்கும் அளவுக்கு வேறெதிலும் இலகுவாக இல்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஸ்லைடு நோட் வசதி கமகம் (சுரத்தின் அசைவு) தேடுபவருக்கு ஆசை காட்டும். ஆனால் அது அந்த நிறுவனத்தின் சொந்தக் கருவிகளில் மட்டுமே வேலை செய்யும், வெளியிலிருந்து வாங்கிப் போட்ட வீணை, புல்லாங்குழல் பிளகின்களில் (மென்பொருளுக்குள் சேர்க்கும் கூடுதல் கருவிகளில்) செய்யாது.

ஒருமுறை வாங்கினால் பிற்காலப் பதிப்புகள் அனைத்தும் இலவசம் என்பது இதன் பெரிய கவர்ச்சி. எதிர்ப்பக்கத்தில், பாடகரை நிற்கவைத்து ஒரே வரிகளை ஐந்தாறு டேக் (பதிவு) எடுத்து, வரிக்கு வரி நல்லதைப் பொறுக்கிச் சேர்க்கும் வேலை இதில் சுற்றுவழியாகவே நடக்கிறது. விலை குறைந்த பதிப்பு நீண்ட காலம் குரல் பதிவுக்கு இடமே தராமல் இருந்தது என்பதால், காசு கட்டும் முன் எந்தப் பதிப்பில் என்ன உண்டு என்ற அட்டவணையைப் படித்துவிடுவது நல்லது.

ஏபிள்டன் லைவ் மேடைக்காகப் பிறந்தது. 1999இல் பெர்லினில் தொடங்கப்பட்ட நிறுவனம் 2001இல் இதன் முதல் பதிப்பை வெளியிட்டது. இதன் செஷன் திரையில் நேர்கோட்டுக் காலம் என்பதே கிடையாது. லூப்புகள் கட்டங்களாக நிற்கும், எதைத் தட்டினாலும் அடுத்த தாளத் தொடக்கத்தில் அது ஒலிக்கும். எந்த வேகத்தில் பதிவான ஒலியையும் பாட்டின் வேகத்துக்கு இழுத்துப் பொருத்தும் வார்ப் வசதி தொடக்கம் முதலே இதன் உயிர்நாடி. கல்லூரி விழாக்களில் டிராக் ஓடவிட்டு அதன்மேல் வாசிக்கும் குழுவினர், டிஜேக்கள், மின்னணு இசை செய்வோர் ஆகியோருக்கு இதற்கு இணை இல்லை. 2024இல் வந்த 12ஆம் பதிப்பு, சமமாகப் பிரித்த 12 சுரங்களுக்கு வெளியே உள்ள சுர அளவுகளையும் ஏற்கத் தொடங்கியதைக் கேட்டு, இனி கர்நாடக இசைக்கு இதுதான் என்று சிலர் எழுதினார்கள். கமகம் சுரத்தின் இடத்தில் இல்லை, சுரங்களுக்கிடையே நடக்கும் அசைவில் இருக்கிறது; ரிஷபத்தைச் சில சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறக்கி வைப்பதால் ராகம் வந்துவிடாது. முழுப் பதிப்பான சூட்டின் விலை 700 டாலருக்கு மேல் என்பதையும், சின்னப் பதிப்பான இன்ட்ரோவில் 16 டிராக்குகள்தான் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இப்போது குரலுக்கு வருவோம். தமிழில் வீட்டு ஸ்டுடியோ வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பாட்டு என்றால் பாடல்தான். மெட்டு முதலில் தொண்டையில் வருகிறது, மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டப்படுகிறது. எனவே நான் எந்த மென்பொருளையும் எடைபோடுவது தோடி ராகத்தின் ஒரு சங்கதியை (ஒரு வரியை மெருகேற்றிப் பாடும் வகையை) வைத்துத்தான். ஒரு கட்டைச் சுருதியில் (சி சுரமே ஸட்ஜம்) தோடியின் காந்தாரம் டி ஷார்ப்பில் இருக்க வேண்டும் என்று கணினி எதிர்பார்க்கும். பாடகரோ அதன் கீழேயுள்ள ரிஷபத்தின் பக்கமிருந்து மேலேயுள்ள மத்யமத்தின் பக்கம் வரை அதை அசைத்துப் பாடுவார். டி ஷார்ப்பில் அவர் நிற்பதே அரிது. தானாகச் சுருதி திருத்தும் எந்தப் பிளகினையும் இதன்மேல் வேகமாக ஓடவிட்டால், அசைவு முழுவதும் படிக்கட்டாக நறுக்கப்பட்டு, சி ஷார்ப், டி ஷார்ப், எஃப் என்று மூன்று தட்டையான சுரங்களாக வெளியே வரும். ஆகவே கையால், சுரம் சுரமாகத் திருத்தும் கருவி உள்ளேயே இருக்கிறதா என்பது முதற்கேள்வி ஆகிறது.

லாஜிக் ப்ரோ என்ற மென்பொருளில் அதன் பெயர் ஃப்ளெக்ஸ் பிட்ச், குபேஸ் என்ற மென்பொருளில் வேரிஆடியோ. இரண்டும் பாடிய குரலைக் கோடுகளாக வரைந்து, சுரத்துண்டுகளாகப் பிரித்துக் காட்டும். தோடிக் காந்தாரத்தை இரண்டுமே தவறாகவே துண்டுபோடும். ஓர் அசைவை மூன்று, நான்கு சுரங்களாக எண்ணிக்கொள்ளும். லாஜிக்கில் அந்தத் துண்டுகளை ஒட்டி ஒன்றாக்கி, நுண்சுருதிப் பிடியை மட்டும் தொட்டு முழு அசைவையும் சில சென்ட் மேலே கீழே நகர்த்தலாம். விப்ராட்டோ (குரல் அதிர்வு) பிடியைத் தொட்டு இறக்கினால் கமகம் செத்தது. குபேஸிலும் இதே வேலையைச் செய்யலாம், ஒரு துண்டின் தொடக்கத்தையும் முடிவையும் தனித்தனியே சாய்க்கும் வசதி அதில் இன்னும் நுட்பமாக இருக்கிறது. கார்வையை (நீண்டு நிற்கும் சுரத்தை) மட்டும் திருத்திவிட்டு அதற்கு முன்னுள்ள ஜாருவை (வழுக்கலை) விட்டுவிட வேண்டும் என்ற இடத்தில் குபேஸ் கைக்கு அடங்குகிறது. டேக்குகளைப் பொறுக்கிச் சேர்ப்பதில் லாஜிக் முந்துகிறது: டேக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்க, பிடித்த பகுதியின்மேல் இழுத்தால் போதும், ஒட்டும் இடங்களை அதுவே இழைத்துவிடும். லைவில் இத்தகைய சுரத்திருத்தி உள்ளே இல்லை; எஃப்எல்லில் உயர்பதிப்பில் நியூடோன் உண்டு, ஆனால் குரலை அதற்குள் ஏற்றி, திருத்தி, திரும்ப டிராக்குக்கு அனுப்ப வேண்டும்.

கிளிக் (தாளம் காட்டும் டிக் ஒலி) இல்லாமல் பாடிய பாட்டு அடுத்த சோதனை. பாடுபவரின் வேகத்தைக் கண்டறிந்து பாட்டின் கட்டங்களை அதற்கேற்ப வளைக்கும் ஸ்மார்ட் டெம்போ வசதி லாஜிக்கில் 2018இல் வந்தது. குபேஸிலும் வேகம் கண்டறியும் கருவி உண்டு. மிருதங்கமோ தபேலாவோ கூட வாசித்திருந்தால் இவை வியக்கத்தக்கபடி உதவும். தாளமில்லாத விருத்தத்தையோ ஆலாபனையையோ கொடுத்தால் இரண்டும் இல்லாத வேகத்தைக் கற்பனை செய்துகொள்ளும். அந்தப் பகுதிக்கு இந்த வசதியை அணைத்துவிட்டு, கட்டங்களைப் பொருட்படுத்தாமல் காதை நம்பி அடுக்குவதே வழி.

லாஜிக்கா குபேஸா என்பதைப் பெரும்பாலும் கணினியே முடிவுசெய்துவிடுகிறது. லாஜிக்கை உருவாக்கிய ஜெர்மானிய நிறுவனமான இமேஜிக்கை ஆப்பிள் 2002இல் வாங்கி, விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. அன்றிலிருந்து மேக் இல்லாதவருக்கு லாஜிக் இல்லை. மேக் ஏற்கெனவே இருக்கிறது என்றால் பேச்சுக்கே இடமில்லை. 200 டாலருக்கு, பல ஜிபி அளவு வாத்திய ஒலிகளோடு வருவது மட்டுமல்லாமல், 2013 முதல் இதை வாங்கியவர்களிடம் ஆப்பிள் புதுப்பிப்புக்குக் காசு கேட்டதே இல்லை. 90 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கவும் இடமுண்டு. ஏ.ஆர். ரஹ்மான் பயன்படுத்துவது என்பதாலேயே இதைத் தேடி வருபவர்களும் இருக்கிறார்கள், அதை ஒரு காரணமாக நான் எண்ணவில்லை. ஆனால் லாஜிக்குக்காக மேக் வாங்குவது வேறு கணக்கு. அந்தப் பணத்தில் ஒரு நடுத்தர விண்டோஸ் கணினி, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு நல்ல கண்டென்சர் மைக் ஆகிய மூன்றும் வரும் என்றால், கேட்பவர் காதில் விழப்போவது மைக்கின் வேறுபாடுதான்.

விண்டோஸில் இருந்துகொண்டு குறும்படத்துக்கும் படத்துக்கும் பிஜிஎம் செய்ய நினைப்பவருக்கு குபேஸ். 1989இல் அட்டாரி கணினிக்காக வெளிவந்த பழுத்த மென்பொருள் இது. இன்று பெரும்பாலான மென்பொருள்கள் பயன்படுத்தும் விஎஸ்டி பிளகின் முறையை 1996இல் அறிமுகப்படுத்தியதும் இதை ஆக்கிய ஸ்டைன்பர்க்தான். வயலின் குழுவில் இந்தச் சுரம் நீண்ட வில்லில், அடுத்தது விரலால் சுண்டி என்று சுரத்துக்குச் சுரம் வாசிப்புமுறையைக் குறிக்கும் எக்ஸ்பிரஷன் மேப் வசதியைப் பழகியவர்கள் வேறு இடத்துக்குப் போவது அபூர்வம். விலையும் அதற்கேற்ப 500 டாலரைத் தாண்டும், பெரிய புதுப்பிப்புகளுக்குத் தனியே காசு. திரை முழுக்க இறைந்து கிடக்கும் மெனுக்களைப் பழகச் சில மாதங்கள் பிடிக்கும்.

காசு இல்லை என்பவர்கள் கிராக் செய்த குபேஸையோ எஃப்எல்லையோ போட்டுக்கொள்வதை நம் ஊரில் குற்றமாகக்கூட யாரும் நினைப்பதில்லை. பாட்டு முடியும் தறுவாயில் பிளகின் திறக்க மறுப்பதும், கூடவே வைரஸ் குடியேறுவதும் அதன் துணை விளைவுகள். ரீப்பர் இருக்கும்போது இதற்குத் தேவையே இல்லை. வினாம்ப் என்ற பாட்டு இயக்கியை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல் உருவாக்கிய இந்த மென்பொருளின் தனிநபர் உரிமம் 60 டாலர். 60 நாள்கள் எந்தக் குறைப்பும் இல்லாமல் ஓட்டிப் பார்க்கலாம். நிறுவல் கோப்பு சில பத்து எம்பிதான், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், பழைய லேப்டாப்பிலும் மூச்சு வாங்காது. குரல் பதிவு, டேக் பொறுக்கல், வெட்டல், மிக்ஸிங் ஆகியவற்றில் விலை பத்து மடங்கானவற்றோடு இது சமமாக நிற்கும். இதில் இல்லாதது வாத்தியங்கள்: திறந்தவுடன் ஒரு பியானோ ஒலியைத் தேடினால்கூடக் கிடைக்காது, எல்லாவற்றையும் இலவச பிளகின்களாகத் தேடிப் போட்டுக்கொள்ள வேண்டும். முகமும் அழகில்லை. பாடகராகவோ வாத்தியக் கலைஞராகவோ இருந்து, பதிவு செய்வதே பெரும்பகுதி வேலை என்றால், விண்டோஸில் நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். மெட்டமைக்கக் கீபோர்டு முன் அமர்ந்தவுடன் ஒலிகள் வேண்டும் என்பவர் இதில் ஒரே வாரத்தில் சலித்துவிடுவார்.

ப்ரோ டூல்ஸை இந்த வரிசையில் நான் வைக்கவில்லை. பெரிய ஸ்டுடியோக்களிலும் சினிமா ஒலிக்கலவைக் கூடங்களிலும் அதுவே பொதுமொழி. சவுண்ட் இன்ஜினியர் வேலைக்குப் போக விரும்புபவர் அதைக் கற்றே ஆக வேண்டும், 8 ஆடியோ டிராக்குகள் கொண்ட அதன் இலவச இன்ட்ரோ பதிப்பு அதற்குப் போதும். வீட்டில் பாட்டு அமைப்பவர் அங்கே கொடுக்க வேண்டியது, பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்து ஒரே நீளத்தில் எடுத்த 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டெம்களை (குரல், வாத்தியம் எனத் தனித்தனியாகப் பிரித்த ஒலிக்கோப்புகளை)த்தான். அதை மேலே சொன்ன ஐந்துமே தரும்.

இலவச ஓட்டத்தைத் தொடங்கும் முன் ஒரு பல்லவியை மட்டும் நான்கு டேக்குகளாகப் பாடி வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் பதிவு செய்ததாக இருந்தாலும் போதும். அதே கோப்புகளை இரண்டு மென்பொருள்களில் ஏற்றி, நல்ல வரிகளைப் பொறுக்குவது, ஒரு சுரத்தைத் திருத்துவது, கீழே ஒரு தாளம் போடுவது, ஸ்டெம்களாக வெளியே எடுப்பது என்ற வேலைகளை இரண்டிலும் செய்து பாருங்கள். எஃப்எல்லின் இலவசப் பதிப்பில் கால எல்லை இல்லை. ஆனால் சேமித்த கோப்பை மூடிவிட்டால், காசு கட்டும்வரை அது திரும்பத் திறக்காது. எனவே அதில் மட்டும் இந்தச் சோதனையை ஒரே அமர்வில் முடிக்கும்படி ஒரு விடுமுறை நாளை ஒதுக்க வேண்டும்.